கட்டுகளை அவிழ்க்கச் சொன்ன மருத்துவர்

வாசக அன்பர்களே! ஒரு மனிதன் தான் மனிதன் என்பதையே மறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னை ஒரு மாடு என்று அவன் நம்புகிறான். மாட்டைப் போலக் கத்துகிறான். தன்னை அறுத்துச் சமைத்து உண்ணுமாறு எதிர்ப்படுவோரை எல்லாம் இரந்து கேட்கிறான். உணவையும் மருந்தையும் தொட மறுத்து, நாளுக்கு நாள் மெலிந்து வருகிறான். அவன் உங்கள் தெருவில் இருந்தால் நீங்கள் அவனை என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்? உங்கள் வீட்டிலேயே இருந்தால் அவனை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்?

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பாரசீக நாட்டில் இக்கேள்வி ஒரு மருத்துவரின் முன் வந்து நின்றதாக வரலாற்று நூல் ஒன்று கூறுகிறது. அவர் அதற்கு அளித்த விடையை உணர்ந்துகொள்ள வேண்டுமானால், முதலில் அவருடைய வாழ்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பியர் அவிசென்னா என்றும், கீழை நாட்டினர் ஷைகுர் ரயீஸ் என்றும் போற்றிய இப்னு ஸீனாதான் அம்மருத்துவர்.

புகாராவின் இளைஞர்

அபூ அலீ அல்ஹுஸைன் என்னும் இயற்பெயர் கொண்ட இப்னு ஸீனா, ஹிஜ்ரி 370-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 980-இல், புகாரா நகருக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பல்கு நகரத்தவர். ஸாமானிய அரசில் அலுவல் பார்த்தவர். பத்து வயது நிறைவதற்குள் திருக்குர்ஆன் முழுவதையும் சிறுவர் மனனம் செய்துவிட்டார். இந்தியக் கணக்கு முறையை அவர் கற்றது யாரிடம் தெரியுமா? காய்கறி விற்கும் வணிகர் ஒருவரிடம்! அறிவு எங்கே இருந்தாலும், அதை உடையவர் எந்நிலையில் இருந்தாலும், அங்கே சென்று பணிந்து கேட்கும் பண்பு அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது.

பதினாறு வயதிலேயே அவர் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். நூல்களில் இல்லாத பலவற்றை நோயாளிகளின் அருகிலிருந்தே தாம் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் தம் வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். விடை காண இயலாத சிக்கல் எழும்போதெல்லாம் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, இறைவனிடம் மன்றாடுவார். அரிஸ்டாட்டிலின் தத்துவ நூலொன்றை நாற்பது முறை படித்தும் அது விளங்கவில்லை. ஒருநாள் கடைவீதியில் மூன்று திர்ஹம் கொடுத்து வாங்கிய அல்ஃபாராபியின் நூல் அதனை விளக்கியது. மறுநாள் அவர் செய்த முதல் வேலை, நன்றிக்கடனாக ஏழைகளுக்குத் தர்மம் வழங்கியதே.

புகாராவின் மன்னர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றபோது, அரண்மனை மருத்துவர்களுடன் இவ்விளைஞரும் அழைக்கப்பட்டார். அப்பணியின் பயனாக அரச நூலகத்தின் கதவு அவருக்குத் திறந்தது. பதினெட்டு வயதிற்குள் அக்காலக் கலைகள் யாவற்றையும் அவர் கற்றுத் தேர்ந்துவிட்டார்.

அலைந்த வாழ்வு

தந்தையார் மறைந்தார், ஸாமானிய அரசும் வீழ்ந்தது. இப்னு ஸீனாவின் வாழ்வு ஊர் ஊராக அலையும் வாழ்வாயிற்று. குர்கான்ஜ், ஜுர்ஜான், ரை, ஹமதான் என நகர்கள் மாறின. ஹமதானில் அமீர் ஷம்ஸுத் தவ்லாவின் வயிற்று நோயைத் தீர்த்து வைத்து, அவருடைய அமைச்சராகவும் ஆனார். ஆனால் படைவீரர்கள் கலகம் செய்து, வீட்டைச் சூறையாடி, அவருடைய உயிரையே கேட்டனர். நாற்பது நாள் ஒரு நண்பரின் வீட்டில் ஒளிந்திருந்தார். அமீருக்கு மீண்டும் நோய் வந்தது, மீண்டும் அமைச்சரானார். அந்த அமீர் மறைந்தபின், ஃபர்தஜான் கோட்டைச் சிறையில் நான்கு மாதங்கள் அடைக்கப்பட்டார். இறுதியில் சூஃபிகளின் ஆடையணிந்து தப்பி, இஸ்ஃபஹான் நகரை அடைந்து, அலாவுத் தவ்லாவின் அவையில் சிறப்புடன் வாழ்ந்தார்.

இத்தனை இன்னல்களுக்கிடையே எழுந்ததுதான் ஐந்து பாகங்களைக் கொண்ட அல்கானூன் ஃபித்திப் என்னும் மருத்துவப் பெருநூல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது லத்தீனில் பெயர்க்கப்பட்டது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் அதுவே பாடநூலாக விளங்கிற்று. இப்னு ஸீனாவின் தத்துவக் கருத்துகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வன்மையாக மறுத்தார் என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். ஆயினும் மருத்துவத் துறையில் அவர் பெற்ற பெரும்புகழ் குன்றவில்லை.

ஜின்னும் மருத்துவரும்

அன்பர்களே, இனி நம் பொருளுக்கு வருவோம். உடல் நோய்களை ஆராய்ந்த அதே கவனத்துடன் அறிவையும் உணர்வையும் பாதிக்கும் நோய்களையும் இப்னு ஸீனா தம் நூலில் ஆராய்ந்தார். காரணமற்ற அச்சம், பொய்யான நம்பிக்கைகள், தனிமையை நாடுதல், இல்லாத உருவங்கள் தோன்றுதல் ஆகியவற்றை மாலீகூலியா என்னும் நோயின் குறிகளாக எழுதினார்.

இத்தகைய நோய் ஜின்களால் வருகிறது என்று அக்காலத்து மருத்துவர் சிலரே கூறி வந்தனர். இப்னு ஸீனா அவர்களோடு வாதத்தில் இறங்கவில்லை. அது ஜின்னால் வருகிறதா, இல்லையா என்பது மருத்துவருக்குரிய கேள்வியன்று என்றார். அப்படியே வந்தாலும் அது உடலின் தன்மையை மாற்றித்தானே நோயை உண்டாக்க வேண்டும்? அவ்வாறெனில் உடலில் நேர்ந்த மாற்றத்திற்கு மருந்து கொடுப்பதே மருத்துவரின் கடமை என்பது அவருடைய முடிவு. கரும்பித்தமே அம்மாற்றத்திற்குக் காரணம் என அவர் எண்ணினார். அக்கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் நோயாளி நோயாளியே, அவருக்கு வேண்டியது சிகிச்சையே என்ற அவருடைய நிலைப்பாடு இன்றும் பழுதின்றி நிற்கிறது.

அறுக்க வந்தவர் அவிழ்த்தார்

தொடக்கத்தில் சொன்ன மனிதனிடம் இப்போது திரும்புவோம். இந்நிகழ்ச்சியை நமக்குச் சொல்பவர் சமர்கந்து நகரின் நிஜாமி அரூஜி. இப்னு ஸீனா மறைந்து நூறாண்டுகளுக்குப் பின், சஹார் மகாலா என்னும் பாரசீக நூலில் இதை அவர் எழுதி வைத்தார்.

நோயாளி புவைஹ் அரச குடும்பத்து இளைஞர். மருத்துவர்கள் யாவரும் கைவிட்டபின், அலாவுத் தவ்லா இப்னு ஸீனாவை வேண்டினார். அப்போது அவர் அமைச்சர் பொறுப்பிலும் இருந்தார். அறுப்பவர் வந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தியை முதலில் நோயாளிக்குச் சொல்லுமாறு அவர் கூறினார். அதைக் கேட்ட இளைஞர் மகிழ்ந்தார். பின்னர் கத்தியுடன் உள்ளே நுழைந்த இப்னு ஸீனா, மாடு எங்கே என்று வினவினார். இளைஞர் கத்தியபடியே வந்து முற்றத்தின் நடுவில் படுத்துக்கொண்டார். கைகால்கள் கட்டப்பட்டன. கத்தியோடு கத்தியைத் தீட்டியவாறு மருத்துவர் அருகில் அமர்ந்து, விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தார். இம்மாடு மிகவும் மெலிந்திருக்கிறது, இன்று அறுப்பதற்கில்லை, தீனி கொடுத்துக் கொழுக்க வையுங்கள் என்று சொல்லி எழுந்தார்.

வெளியே வந்ததும் வீட்டாருக்கு அவர் இட்ட முதல் கட்டளை என்ன? கட்டுகளை அவிழ்த்துவிடுங்கள் என்பதே! அதன்பின் தாம் குறித்துத் தரும் உணவையும் மருந்தையும் கொடுக்கச் சொன்னார். கொழுக்க வேண்டும் என்ற ஆவலில் இளைஞர் உண்டார். ஒரு மாதத்தில் அவர் நலமடைந்தார் என்று அந்நூல் முடிக்கிறது.

இதனை நகைச்சுவைக் கதையாகப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நகைப்பை நீக்கிவிட்டுப் பாருங்கள். எல்லாரும் அந்த இளைஞரின் சொல்லைத் தள்ளியபோது, ஒருவர் மட்டும் அதைக் காது கொடுத்துக் கேட்டார். சொல்வது உண்மையா, பொய்யா என்று வழக்காடவில்லை. சொல்பவர் பட்டினியால் மாய்ந்துகொண்டிருக்கிறார் என்பதைக் கண்டார். எலும்பும் தோலுமான உடலைத் தம் கையாலேயே தொட்டு அறிந்தார். ஓர் அமைச்சர் அதற்காகக் கசாப்புக்காரராக வேடமிடவும் தயங்கவில்லை.

ஆயினும் இந்த உபாயத்தை அப்படியே பின்பற்றலாகாது. நோயாளியின் பொய்யான நம்பிக்கைக்கு இசைந்து நடிப்பதை இன்றைய மருத்துவர்கள் ஏற்பதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேடத்தை அன்று. காது கொடுத்ததையும் கட்டு அவிழ்த்ததையுமே.

இன்றைய பெயர்கள், இன்றைய அறிவு

அந்த இளைஞரின் நோய்க்கு இன்றைய மருத்துவம் என்ன பெயரிடும் என்று ஒரு கதையை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது. ஆனால் அத்தகைய அசைக்கவியலாத பொய் நம்பிக்கைகள் பெரும்பாலும் காணப்படும் நோய் ஒன்றுண்டு. ஸ்கிசோஃப்ரினியா என்று ஆங்கிலத்திலும், மனச்சிதைவு நோய் என்று தமிழிலும் அதனை வழங்குகிறோம்.

இந்நோய் கண்டவருக்கு யாரும் பேசாதபோதே குரல்கள் கேட்கும். தம்மை யாரோ கண்காணிப்பதாகவும், கெடுக்க முயல்வதாகவும் உறுதியாகத் தோன்றும். எண்ணங்கள் கோவையிழக்கும். சிலர் பேச்சும் ஆர்வமும் குன்றி ஒதுங்கிவிடுவர். பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதை ஒட்டிய இளமைப் பருவத்தில் இது தலைகாட்டும். உலகில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளாகியுள்ளனர். மூளையின் செயற்பாடு, பரம்பரை, வாழ்வின் நெருக்கடிகள் எனப் பல காரணங்கள் சேர்ந்து இதனைத் தோற்றுவிக்கின்றன. தாயின் வளர்ப்புப் பிழையன்று, முன்னோரின் பாவமுமன்று. ஒரே உடலில் இரண்டு ஆட்கள் வாழ்வதுதான் இந்நோய் என்று திரைப்படங்களைப் பார்த்துப் பலர் எண்ணுகின்றனர், அதுவும் பிழையே.

சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் இப்பெயரை 1908-இல் அறிமுகப்படுத்தினார். ஒரு பெயர் மனிதரை எவ்வளவு புண்படுத்தும் என்பதற்கு ஜப்பான் நாடே சான்று. மனம் பிளவுண்ட நோய் என்ற பொருள் தரும் பழைய பெயரால் நோயாளிகளும் குடும்பத்தாரும் வெட்கி ஒளிந்தனர். எனவே 2002-இல் அங்கே அந்நோய்க்கு வேறு பெயர் சூட்டப்பட்டது. நம் மொழியின் மனச்சிதைவு என்ற சொல்லும் செவிக்கு இனியதன்று. சிதைந்தவர் என்று மனிதரைச் சொல்லாமல், மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர் என்றேனும் நாம் சொல்லலாமே!

1950-களில் தொடங்கி இந்நோய்க்குப் பயனளிக்கும் மருந்துகள் வந்துவிட்டன. மருந்தோடு குடும்பத்தாரின் அரவணைப்பும் தக்க வேலையும் வாய்த்தால் பலர் நல்வாழ்வு வாழ்கின்றனர். பாதிக்கப்பட்டோரில் மூவரில் ஒருவரேனும் முழுமையாக நலமடைய முடியும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. இவர்கள் பிறரைத் தாக்குவார்கள் என்று நாம் அஞ்சுகிறோம். உண்மையில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படுவதும் ஏமாற்றப்படுவதுமே மிகுதி.

ஏர்வாடி கற்பித்தது

கட்டுகளைப் பற்றிப் பேசும் நாம் ஏர்வாடியை மறக்க இயலுமா? இராமநாதபுரம் மாவட்டத்து அவ்வூரின் தர்காவை நாடி, எல்லாச் சமயத்தவரும் மனநலம் குன்றிய தம் உறவினரை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். அவர்களை வைத்துக்கொள்ளத் தனியார் பலர் கொட்டகைகள் அமைத்திருந்தனர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியுமுன் அத்தகைய கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் வெந்து மடிந்தனர். 28 உயிர்கள் போயின. தீ மூட்டியது எதுவாயினும், தப்ப விடாமல் பிடித்து வைத்தது சங்கிலியே.

மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று தடை விதிக்கிறது. தவாவும் துஆவும் என்று, மருந்தும் பிரார்த்தனையும் கைகோக்கும் அரசு ஏற்பாடு அதே ஏர்வாடியில் பின்னர் வந்தது. பிரார்த்தனை செய்ய வந்தவரை அங்கேயே மருத்துவரும் பார்க்கிறார். ஜின்னைப் பற்றி வாதிடாமல் மருந்து கொடுத்த இப்னு ஸீனாவின் வழியல்லவா அது!

நாவினால் இடும் கட்டு

வாசகர்களே, இரும்புச் சங்கிலியை நாம் யாருக்கும் இட்டதில்லை என்று ஆறுதல் கொள்கிறோமா? நாவினால் இடும் சங்கிலி ஒன்றுண்டு. பைத்தியம், கிறுக்கு, பேய் பிடித்தவன் என்னும் சொற்களே அதன் கண்ணிகள். மக்கத்துக் குறைஷிகள் பெருமானார் (ஸல்) அவர்களின் அழைப்புக்குச் செவிசாய்க்க மறுத்தபோது, அவர்கள் மீது எறிந்த சொல் யாது? மஜ்னூன் என்பதன்றோ? ஒருவரை அப்பெயரிட்டு அழைத்துவிட்டால் அவர் சொல்வது எதையும் கேட்க வேண்டியதில்லை என்பது அவர்களின் கணக்கு. நம் நாயகத்தைப் புண்படுத்த எடுக்கப்பட்ட அச்சொல்லை, நோயுற்ற எளியவர் மீது நாம் எறிவது தகுமா?

ஒருவரையொருவர் இகழ்வதையும், பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் விலக்குகிறது. தம் பொருளைத் தாமே ஆளும் அறிவாற்றல் குன்றியவர்களைப் பற்றி நிஸா அத்தியாயம் பேசும்போது, அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. அவர்களிடம் கனிவான சொற்களையே பேசுமாறும் கட்டளையிடுகிறது. உணவு, உடை, நல்ல சொல் ஆகிய மூன்றும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. அறிவு தெளியும்வரை சித்தம் கலங்கியவர் மீது குற்றம் பதியப்படுவதில்லை என்பது நபிமொழி. இறைவனே குற்றம் பிடிக்காதவரிடம் நாம் குற்றம் காண்பது எங்ஙனம்?

எப்படிப் பேசுவது என்று கேட்பீர்கள். அவர் எதிரில் இருக்கும்போதே, அவர் அங்கில்லாதது போல அவரைப் பற்றிப் பிறரிடம் பேசாதீர்கள். அவருடைய பெயர் சொல்லி அழையுங்கள். அக்கா, தம்பி, மாமா என்ற உறவுமுறையை நோய் வந்ததற்காக மாற்றாதீர்கள். குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால், பொய் என்று அதட்டவும் வேண்டாம். ஆமாம் என்று நடிக்கவும் வேண்டாம். தமக்கு அது கேட்கவில்லை என்பதையும், அவருடைய அச்சம் தமக்குப் புரிகிறது என்பதையும் அமைதியாகச் சொன்னால் போதும். காலங்கடத்தாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் சென்று வாருங்கள். 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நோயை மறைத்துத் திருமணம் முடிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அது மருந்தன்று, அறியாத இன்னொருவரையும் சேர்த்துக் கட்டும் கட்டு. நோய் கண்டவர்கள் மணம் புரியலாகாது என்பதன்று இதன் பொருள். உண்மையை மறைக்காமல், மருத்துவரின் ஆலோசனையோடு, இருவரின் மனமொப்பிய சம்மதத்தோடு அது நடைபெறட்டும்.

இறுதி நாட்கள்

இப்னு ஸீனா தம் ஐம்பத்தேழாம் வயதில் கடும் வயிற்று நோய்க்கு உள்ளானார். ஹமதானை நோக்கிய பயணத்தில் நோய் முற்றியது. உடலை ஆளும் வலிமை இனித் தம் உடலுக்கில்லை என்று கண்டு, சிகிச்சையை நிறுத்தினார். செல்வத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தார். தம் அடிமைகளுக்கு விடுதலை அளித்தார். சிறு வயதில் மனனம் செய்த திருமறையை ஓதியவாறே, ஹிஜ்ரி 428-ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில், கி.பி. 1037-இல், இறைவனிடம் மீண்டார். ஹமதானில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

மன்னர்களுக்கு அவர் செய்த சிகிச்சை ஏடுகளில் நிற்கிறது. ஆனால் பெயர்கூட எழுதப்படாத ஓர் இளைஞரின் விலாவைத் தடவிப் பார்த்துக் கட்டுகளை அவிழ்க்கச் சொன்ன அந்தக் கை, நம் நெஞ்சில் நிற்கட்டும். இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழியில், தெருவோரத்தில் தமக்குள் பேசியபடி ஒருவர் அமர்ந்திருக்கக் கூடும். பிள்ளைகள் அவரைக் கேலி செய்தால் தடுத்து நிறுத்துங்கள். அருகில் சென்று, ஸலாம் சொல்லி, உண்டீர்களா என்று கேளுங்கள். நாவினால் இட்ட கட்டுகளை நாவினாலேயே அவிழ்க்கும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!